வந்தவர் விட்டதும் இருந்தவர் எடுத்ததும்

ஆர்தர் சி. கிளார்க்கை இலங்கை தன் எழுத்தாளர்களில் ஒருவராகவே எண்ணிப் பழகிவிட்டது. 1956இல் இங்கே குடியேறி, 2008 மார்ச் 19 அன்று கொழும்பில் மறைந்தவர் அவர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக 1979 முதல் 2002 வரை இருந்தார். அவர் பெயரால் ஒரு தொழில்நுட்ப நிறுவகம் மொறட்டுவையில் இயங்குகிறது. ஆகவே அவருடைய கற்பனைக்கு இந்தத் தீவே ஊற்று என்ற பேச்சு இங்கு இயல்பாக எழுகிறது. பிற்கால நாவல்கள் சிலவற்றுக்கு அது பொருந்தும். முதற் சிறுகதைத் தொகுப்புக்குப் பொருந்தாது. ‘எக்ஸ்பெடிஷன் டு ஏர்த்’ என்ற அந்த நூலை அமெரிக்காவின் பலன்டைன் பதிப்பகம் 1953இல் வெளியிட்டது. அதிலுள்ள பதினொரு கதைகளும் 1946க்கும் 1953க்கும் இடையில் இதழ்களில் வந்தவை. கிளார்க் கொழும்பை முதன்முதலாகக் கண்டதோ 1954 டிசம்பரில், அவுஸ்திரேலியப் பவளப் பாறைத் தொடரை நோக்கிய கப்பற் பயணத்தின் இடையில்தான். போர்க்கால விமானப் படையில் ராடார் பணி, போருக்குப் பின் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும், பிரித்தானியக் கோளிடைக் கழகத்தின் தலைமை என்று வாழ்ந்த இளைஞரின் கதைகள் இவை. தீவு அவருக்கு என்ன கொடுத்தது என்று அறிய விரும்புகிறவர், தீவைக் காணுமுன் அவர் எழுதிய இந்த நூலிலிருந்தே தொடங்க வேண்டும்.

இந்தத் தொகுப்பை விண்வெளி யுகத்தின் நம்பிக்கைக் குரலாக வாசிப்பது வழக்கம். அந்த வாசிப்பு நூலின் பாதியைத்தான் காண்கிறது என்பது என் எண்ணம். இதன் முக்கியமான கதைகளில் ஒரு நாகரிகம் தன் அறிவை எங்கேயோ விட்டுச் செல்கிறது. வேறொருவர் அதைக் கண்டெடுக்கிறார். கண்டெடுத்தவர் அதை எப்படி வாசிக்கிறார் என்ற கேள்வியில் கிளார்க்கின் மனம் ஊன்றும்போது கதை உயர்கிறது. கண்டெடுத்தவரிடம் முன்பே ஓர் அறிவு இருந்திருக்கும் என்பதை அவர் மறக்கும்போது கதை தளர்கிறது. இதைச் சோதித்துப் பார்க்க வேற்றுக் கோள் எதுவும் வேண்டியதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில், வலிகாமத்தின் மேற்குப் புறத்தில், மாதகற் கடலுக்கு அருகில் உள்ள பண்டத்தரிப்பு போதும். தொலைதூரத்திலிருந்து கருவிகளோடும் நூல்களோடும் ஒருவர் வந்து இறங்கியபோது, அங்கே இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு அந்த ஊரிலும் அதன் சுற்றுவட்டத்திலும் நல்ல பதிவுகள் உள்ளன.

பண்டத்தரிப்புக்கு வந்தவர்கள் பலர். போர்த்துக்கேயர் காலத்தில் அங்கே ஒரு தேவாலயம் எழுந்தது. ஒல்லாந்தர் காலத்துப் பாதிரியார் பிலிப்பஸ் பல்தேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில் உள்ள யாழ்ப்பாணத் தேவாலயப் படங்களுள் பண்டத்தரிப்பினதும் ஒன்று. பின்னர் அமெரிக்க மிஷன் வந்தது. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்பன அதன் தொடக்க கால நிலையங்கள். நியூயோர்க்கில் தொழில் செய்துகொண்டிருந்த மருத்துவர் ஜோன் ஸ்கடர் 1819இல் புறப்பட்டு, 1820இல் பண்டத்தரிப்பில் தங்கி வைத்தியமும் சமயப் பணியும் தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு சென்ற முதல் மருத்துவ மிஷனரி என்று அவரைச் சொல்வார்கள். வேலூர் மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி. மேற்கத்திய மருத்துவம் என்ற பெரிய வரலாற்றின் ஒரு கிளை இந்தச் சிறிய ஊரில் வேர்விட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது வெற்று மண்ணில் வேர்விடவில்லை. ‘பரராசசேகரம்’ போன்ற வைத்திய நூல்களை ஏட்டில் வைத்துப் பயின்ற பரம்பரை வைத்தியர்கள் யாழ்ப்பாணத்தில் அப்போது இருந்தார்கள். கிரகணம் கணித்துப் பஞ்சாங்கம் எழுதும் குடும்பங்களும் இருந்தன. ஸ்கடரிடம் மருந்துக்கு வந்த நோயாளி, நோயைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் தனக்கென ஒரு விளக்கத்தோடுதான் வந்தார். ஒரு மருந்தை ஏற்பதும் மற்றதை மறுப்பதும் அவருடைய தேர்வாக இருந்தது.

இப்போது தொகுப்பின் தலைப்புக் கதைக்கு வரலாம். இதழில் முதலில் வெளிவந்தபோது அதன் தலைப்பு விடியற்காலச் சந்திப்பு என்ற பொருள் தருவது. வீழ்ந்துகொண்டிருக்கும் ஒரு பேரரசின் ஆய்வாளர்கள் மூவர், நம் பூமி என்று பின்னால் தெரியவரும் ஒரு கோளில் இறங்குகிறார்கள். யான் என்ற ஆதிமனிதனைச் சந்திக்கிறார்கள். இயந்திரத்தை ஏவி விலங்குகளை வேட்டையாடிக் கொடுத்து அவனுடைய அச்சத்தைப் போக்குகிறார்கள். அவர்களுடைய உலகிலிருந்து அவசர அழைப்பு வருகிறது. போகுமுன் சில கருவிகளை அவனிடம் விட்டுச் செல்கிறார்கள். அந்த இடத்தில்தான் ஆயிரம் நூற்றாண்டுகளுக்கும் மேலான காலத்துக்குப் பிறகு பாபிலோன் எழப்போகிறது என்று கதை முடிகிறது. கட்டமைப்பில் குறை சொல்ல முடியாத கதை இது. பின்னாளில் ஸ்டான்லி குப்ரிக்கோடு கிளார்க் உருவாக்கிய ‘2001’ திரைப்படத்தின் தொடக்கத்துக்கு இதிலிருந்து ஓர் இழை போயிருக்கிறது. ஆனாலும் கதையில் பேசுகிறவர்கள், வருந்துகிறவர்கள், தயங்குகிறவர்கள் எல்லோரும் வந்தவர்கள். யானுக்குப் பெயர் உண்டு, பசி உண்டு, பயம் உண்டு. வானத்தைப் பற்றி அவன் என்ன நினைத்தான் என்பது கதையில் இல்லை. அவன் கையில் வைக்கப்பட்ட கருவியை அவன் எதற்குப் பயன்படுத்துவான் என்ற கேள்வி எழுவதற்குள், ஒரு நூறாயிரம் ஆண்டுகளைத் தாண்டிக் கதை ஒரு நகரத்தின் பெயரில் போய் நின்றுவிடுகிறது.

பெறுகிறவர் கருவியை என்ன செய்வார் என்பதற்குப் பண்டத்தரிப்பின் அயலிலேயே விடை இருக்கிறது. 1829 மார்ச்சில் ஒரு சந்திர கிரகணம் நிகழ்ந்தது. அராலியில் பரம்பரையாகப் பஞ்சாங்கம் கணித்துவந்த விசுவநாத சாஸ்திரியின் கணிப்புக்கும், வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவர் டானியல் பூவரின் கணிப்புக்கும் நேரத்திலும் மறைப்பின் அளவிலும் வேறுபாடு இருந்தது. பூவர் அதை முன்கூட்டியே அறிவித்தார். கிரகணம் அவருடைய கணக்கின்படி நிகழ்ந்தது. இந்த நிகழ்ச்சியை மேற்கத்திய விஞ்ஞானம் மூடநம்பிக்கையை வென்ற கதையாக மிஷனரிகள் எழுதினார்கள். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அவர்களுடைய எழுத்துத்தான். வந்தவர்களின் குறிப்பேடு அது. ஆனால் அந்தக் குறிப்பேட்டையே சற்று நிதானமாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. கிரகணம் வரும் நாளை இருவரும் அறிந்திருந்தார்கள். பிணக்கு நேரத்தையும் அளவையும் பற்றியது. கணிதம் தெரிந்த இருவருக்கிடையிலான பிணக்கு அது. விசுவநாத சாஸ்திரி யான் அல்லர்.

கிரகணத்தைவிட அச்சுக்கூடத்தின் கதை இன்னும் தெளிவானது. மிஷனரிகள் கொண்டுவந்த அச்சும் பிரசுரமும் சமயப் பிரசாரத்துக்காக வந்தவை. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்த ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். தாமே அச்சுக்கூடமும் நிறுவி, மிஷனரிகளின் ஆயுதத்தாலேயே அவர்களை எதிர்கொண்டார். வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராக 1857இல் வெளிவந்தார். பின்னர் ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். நியூ இங்கிலாந்திலிருந்து வந்த பாதிரிமார் வட்டுக்கோட்டையில் வகுப்பெடுத்தபோது, அதன் விளைவுகளுள் ஒன்று கலித்தொகைப் பதிப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்திருக்க முடியாது. வந்தவர் விட்ட கருவி, இருந்தவரின் பழைய தேவையோடு சேர்ந்தபோது மூன்றாவதாக ஒன்று பிறந்தது. கிளார்க்கின் தலைப்புக் கதையில் இல்லாதது இந்த மூன்றாவதுதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். யான் அந்நியன் அல்லன், அவன் நம் எல்லோருக்கும் மூதாதை. பாபிலோனில் தொடங்கி இலண்டன் வரை எல்லா நகரங்களும் அவனுடைய வழிவந்தவை. கதை மேலைநாட்டு வாசகரையே ‘நீங்களும் ஒரு காலத்தில் கைநீட்டி வாங்கியவர்தான்’ என்று சொல்கிறது. அதில் குடியேற்றவாதப் பார்வையைத் தேடுவது பொருந்தாது என்பது அந்த மறுப்பு. இதில் பெரும் நியாயம் உண்டு. வந்தவர்களின் பேரரசே அழிவின் விளிம்பில் நிற்கிறது என்பதையும் சேர்த்தால், கிளார்க் இங்கே வெற்றியைப் பாடவில்லை என்பது உறுதி. அவருடைய மனச்சாய்வை நான் குற்றம் சொல்லவில்லை. என் குறை கலை சார்ந்தது. ஆதிமனிதனும் தீயைக் கண்டான், கல்லைச் செதுக்கினான், இறந்தவரைப் புதைத்தான். அவனும் ஏதோ ஒன்றை அறிந்திருந்தான். அந்த அறிவுக்குக் கதையில் ஒரு வரி கிடைத்திருந்தால், பாபிலோன் வந்தவர்களின் கொடையாக மட்டும் தெரியாமல், இரண்டு அறிவுகளின் கூடலாகத் தெரிந்திருக்கும்.

இப்படி எழுத கிளார்க்குக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. தொகுப்பின் முதற்கதையான ‘செகண்ட் டோன்’, அதாவது இரண்டாம் விடியல், இதற்குச் சான்று. அதில் ஓர் இனத்துக்கு மனவலிமையும் கணிதமும் தத்துவமும் உண்டு, கைகள் இல்லை. எனவே ஒரு கருவியைக்கூட அது செய்ததில்லை. இன்னோர் இனத்துக்குக் கைகள் உண்டு. அந்த உயரத்துச் சிந்தனை இல்லை. மனத்தையே ஆயுதமாக்கி நடத்திய கொடிய போருக்குப் பிறகு, முதல் இனம் இரண்டாம் இனத்தோடு சேர்ந்து பொருள் உலகத்தின் விஞ்ஞானத்தைக் கட்டத் தொடங்குகிறது. இங்கே கொடுப்பவரும் பெறுபவரும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். முடிவில் கதிரியக்கம் கண்டுபிடிக்கப்படும் குறிப்பு வருகிறது. ஹிரோஷிமாவுக்கு ஆறு ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த கதையில் அந்தக் குறிப்பின் கனத்தை விளக்க வேண்டியதில்லை. தொகுப்பில் மிக நீளமான கதைகளுள் ஒன்றாகிய இது, அளவுக்குத் தக்க புகழைப் பெறவில்லை. என் கணிப்பில் ‘த சென்டினல்’ கதைக்கு அடுத்த இடம் இதற்கே.

இரண்டாம் விடியலின் கூட்டு முயற்சிக்கு நிகரான செயல்கள் இந்தக் குடாநாட்டிலும் நடந்தன. வட்டுக்கோட்டையில் பூவருக்குப் பின் செமினரியை நடத்திய ஹென்றி ஹொய்சிங்டன், 1848இல் தமிழ் வானசாஸ்திர முறையை மொழிபெயர்ப்போடும் குறிப்புகளோடும் யாழ்ப்பாண அமெரிக்க மிஷன் அச்சகத்தில் நூலாக்கினார். அவருடைய நோக்கத்தில் மறுத்துரைக்கும் எண்ணமும் கலந்திருந்தது. ஆயினும் மறுப்பதற்காகவாவது அந்தக் கணிதத்தை உள்ளே புகுந்து கற்க வேண்டியிருந்தது. மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் இன்னும் ஒருபடி மேலே போனார். 1847 முதல் 1873 வரை இடைவெளியோடு இங்கே பணியாற்றிய அவர், மேற்கத்திய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியல், சத்திரசிகிச்சை, இரசாயனம் ஆகிய துறைகளின் நூல்களைத் தம் மாணவர்களின் துணையோடு தமிழாக்கினார். ‘கெமிஸ்தம்’ என்ற இரசாயன நூல் 1875இல் அச்சானது. கலைச்சொல் ஒவ்வொன்றுக்கும் தமிழறிந்த மாணவர்கள் இல்லாமல் கிறீன் ஓர் அடியும் நகர்ந்திருக்க முடியாது. அவரிடம் மருத்துவம் இருந்தது; அதைப் பிடித்து நிறுத்தும் மொழி அவர்களிடம் இருந்தது. கைகளும் மனமும் தனித்தனி இனங்களிடம் இருந்த அந்தக் கதையை மானிப்பாயில் வைத்துப் படித்தால் அந்நியமாகத் தோன்றாது.

மிஷனரியையும் விண்கலத்து ஆய்வாளரையும் ஒரே தட்டில் வைப்பது சரியா என்றும் கேட்கலாம். கிளார்க்கின் ஆய்வாளர்களுக்கு மதம் மாற்றும் நோக்கம் இல்லை. மிஷனரிகளோ வந்து கருவியைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. தங்கினார்கள், தமிழ் கற்றார்கள், தம் குழந்தைகளை இந்த மண்ணிலேயே புதைத்தார்கள். ஸ்கடர் 1836இல் சென்னைக்குப் போகும்வரை யாழ்ப்பாணத்தில் இருந்தார். இந்த வேறுபாட்டை நான் முழுமையாக ஏற்கிறேன். அது என் வாதத்துக்குத் துணையாகவே வருகிறது. அறிவு கைமாறுவதற்குக் காலம் வேண்டும்; சச்சரவும் வேண்டும். நாவலரின் கண்டனமும் சாஸ்திரியின் பஞ்சாங்கமும் கிறீனின் வகுப்பறையும் அந்தக் காலத்துக்குள் நடந்தவை. அவசரமாகப் புறப்படும் கலத்திலிருந்து விழுந்த கருவி, இந்தச் சச்சரவு எதுவும் இன்றி நாகரிகமாக முளைத்துவிடுகிறது என்பதுதான் கதையின் பலவீனமான கண்ணி.

தவறான வாசிப்பைப் பற்றிய கதையில் கிளார்க் எவ்வளவு கூர்மையானவர் என்பதற்கு ‘ஹிஸ்டரி லெசன்’ போதும். 1949இல் வெளிவந்த கதை இது. சூரியன் குளிர்ந்து பூமியைப் பனி மூடுகிறது. கடைசிக் குலத்தினர், தாம் புரிந்துகொள்ளாத பழைய நாகரிகத்தின் எச்சங்களைச் சுமந்து வந்து ஒரு கற்குவியலுக்குள் வைக்கிறார்கள். பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பின் வெள்ளிக் கோளின் அறிஞர்கள் வந்து அதைத் திறக்கிறார்கள். அதில் ஒரு படச்சுருள் இருக்கிறது. இரு காலில் நடந்து, ஓயாது துரத்தி, அடிபட்டும் சாகாத உயிர்களை அதில் கண்டு, பூமியின் மனிதன் இப்படித்தான் இருந்தான் என்று ஆய்வேடுகள் எழுதத் தொடங்குகிறார்கள். அது வால்ட் டிஸ்னியின் கேலிச்சித்திரம் என்பதைக் கடைசி வரி நமக்கு மட்டும் சொல்கிறது. கேலிக்கதையாக இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலான பிறகு, இந்தக் கதையை அப்படி ஒதுக்க நம்மால் முடியாது. எது எஞ்சுகிறது என்பதைத் தகுதி தீர்மானிப்பதில்லை. மிஷன் அறிக்கைகள் அமெரிக்க நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. ஊர் வைத்தியரின் ஏடு கறையானுக்கும் நெருப்புக்கும் போனது. பண்டத்தரிப்பின் பத்தொன்பதாம் நூற்றாண்டை எஞ்சிய பதிவுகளைக் கொண்டு எழுதுகிறவர், வெள்ளிக் கோளின் அறிஞர்கள் செய்த பிழையைச் செய்யும் ஆபத்தில்தான் எப்போதும் இருக்கிறார். மேலே சாஸ்திரியைப் பற்றிச் சொன்னதும் இந்த எச்சரிக்கைக்கு உட்பட்டதே.

இத்தனை பாரத்தைச் சல்லிவிலை இதழ்க் கதைகள் தாங்குமா என்ற ஐயமும் நியாயமானதே. ‘ஹைட் அண்ட் சீக்’ போன்ற கதைகள் தாங்கா. அது செவ்வாயின் துணைக்கோளில் நடக்கும் சாமர்த்தியமான துரத்தல், அவ்வளவுதான். ‘லூப்ஹோல்’ இருபத்தெட்டு வயது எழுத்தாளரின் கைப்பழக்கம். ஆனால் ‘சுப்பீரியாரிட்டி’ கதையை எடுத்துக்கொண்டால், உயர்ந்த விஞ்ஞானம் கொண்ட தரப்பு, புதிது புதிதாகப் படைக்கலம் செய்வதிலேயே தோற்றுப் போகிறது. தாழ்ந்த கருவிகளை நன்கறிந்து பயன்படுத்திய எதிரி வெல்கிறான். அதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பாடமாக வைத்தார்கள். வெளிவந்த இடம் எளிதானது என்பதால் கதையின் சிந்தனையும் எளிதாகிவிடாது.

தொகுப்பின் கடைசிக் கதையான ‘த சென்டினல்’ 1948இல் பிபிசி போட்டி ஒன்றுக்காக எழுதப்பட்டுப் பரிசு பெறாமல் போனது. அதில் இடம் மாறுகிறது: இப்போது மனிதரே பெறுகிறவர்கள். சந்திரனின் மலைமுகட்டில் யாரோ வைத்துச் சென்ற பளிங்குக் கூம்பகம் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத கவசத்துக்குள் நிற்கிறது. இருபது ஆண்டு முயன்றும் அதன் பொருளை அறிய முடியாமல், அணுசக்தியால் உடைத்து விடுகிறார்கள். உடைத்ததுதான் வைத்தவர்களுக்குப் போகும் செய்தி. கதைசொல்லியின் மனத்தில் பெருமிதம் இல்லை. வரப்போகிறவர்கள் நல்லவர்களாக இருப்பார்களா என்ற அச்சமே உண்டு. கலத்தில் வந்தவரின் கண்ணை விட்டுவிட்டு, கரையில் நிற்பவரின் கண்ணால் கிளார்க் பார்த்த கதை இது. தொகுப்பில் இதுவே சிறந்தது என்று பலரும் சொல்வதற்குக் காரணம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. திரைப்படப் புகழ் பிறகு வந்து சேர்ந்தது.

அப்படியானால் தீவு அவருக்கு என்ன கொடுத்தது? 1979இல் வெளிவந்த ‘த பவுண்டன்ஸ் ஒப் பரடைஸ்’ நாவலில், விண்ணுக்குக் கோபுரம் எழுப்ப ஒரு பொறியியலாளர் புனித மலை ஒன்றைக் கேட்கிறார். மலையில் பிக்குகளின் மடாலயம் இருக்கிறது. அவர்கள் மறுக்கிறார்கள், சட்டத்தின் துணையை நாடுகிறார்கள், தமக்கென்று ஒரு பழைய முன்னறிவிப்பை வைத்திருக்கிறார்கள், அவர்களுள் ஒருவர் முன்பு விஞ்ஞானியாகவே இருந்தவர். கருவியோடு வருகிறவர் இங்கே காத்திருக்க வேண்டியிருக்கிறது, வாதாட வேண்டியிருக்கிறது. யானிடம் இல்லாத நினைவும் மறுப்பும் இந்த மலைவாசிகளிடம் இருக்கின்றன. இருபதாண்டுக்கு மேல் இங்கே வாழ்ந்து, வரலாற்றுச் சுமையுள்ள மனிதர்களோடு பழகியதற்கும் இந்த மாற்றத்துக்கும் தொடர்பில்லை என்று சொல்வது கடினம். வித்துக்கள் முதற் தொகுப்பிலேயே, இரண்டாம் விடியலிலும் சென்டினலிலும் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தத் தொகுப்பைத் தமிழில் முழுமையாக, நல்ல குறிப்புகளோடு கொண்டுவருகிறவர், தலைப்புக் கதைக்குக் கொடுக்கப்படும் முதன்மையை இரண்டாம் விடியலுக்கு மாற்றிக் கொடுக்கலாம். முன்னுரையில் 1829ஆம் ஆண்டுக் கிரகணத்துக்கும் ‘கெமிஸ்த’த்துக்கும் சில பக்கங்கள் ஒதுக்கலாம்.